ஒரே உலை, ஒரே குழம்பு

தங்கச்சி, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு நீ முதலில் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். சின்னதாக ஒரு பாத்திரம் எடுத்து, உப்பில்லாமல், தாளிக்காமல், அவருக்கென்று மட்டும் எதையாவது வேகவைப்பாய். பக்கத்து அடுப்பில் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வத்தக்குழம்பு கொதிக்கும், அப்பளம் பொரியும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. நான் சொல்லப்போகிற மற்ற எல்லாமே இந்த ஒன்றுக்குப் பிறகுதான்.

முதல் இரண்டு வாரம் அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார், உள்ளே பயம் இருக்கிறதே. நடக்க ஆரம்பித்து, வேலைக்கும் திரும்பி, பயம் தெளிந்த பிறகுதான் சிக்கல். வீடெல்லாம் குழம்பு மணக்கும்போது தன் தட்டில் மட்டும் வெள்ளையாக ஏதோ இருந்தால், தன் வீட்டிலேயே தான் நோயாளி என்று மூன்று வேளையும் அவருக்கு ஞாபகப்படுத்துகிறோம். சில நாளில் டீக்கடை பஜ்ஜியில் கை போகும், உனக்குத் தெரியாமல். உனக்கும் இரண்டு சமையல் எத்தனை மாதம் முடியும்? அடுப்படியில் மாற்ற வேண்டியது எல்லோருடைய குழம்பையும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அபாயம் கூடுதல் என்றே மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். உன் பிள்ளைகள் இத்தனை வருடமும் அதே சட்டியில்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார்கள். நீயும்தான்.

பிரான்சில் லியோன் நகரத்தில் 1988-இல் ஒரு ஆய்வு தொடங்கினார்கள். முதல் மாரடைப்பிலிருந்து பிழைத்த 605 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் காய், கீரை, பழம், மீனைக் கூட்டுங்கள், மாடு, ஆடு, பன்றிக் கறியைக் குறையுங்கள், வெண்ணெயை எடுத்துவிடுங்கள் என்றார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் மறுபடி மாரடைப்பு வந்தவர்களும், இதய நோயால் இறந்தவர்களும் அந்தக் குழுவில் மற்றதைவிடப் பாதிக்கும் கீழே. 1999-இல் வந்த இறுதி அறிக்கையில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. அவர்களில் பெரும்பாலோர் நாலு வருடம் வரை அந்தச் சாப்பாட்டை விடவில்லை. சொன்னதெல்லாம் அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கிற சாதாரணப் பொருள், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய சாப்பாடு. நமக்கும் அப்படித்தான் அமையவேண்டும்.

உப்பு டப்பாவிலிருந்து தொடங்கு

உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள். ஆனால் குழம்பு கொதிக்கும்போது யாரும் கிராம் பார்ப்பதில்லை. அதனால் பாக்கெட்டைக் கணக்கு வை. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் பேனாவால் தேதி எழுதிவிடு. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாளாவது வரவேண்டும். ஊறுகாய், பிஸ்கட், ஓட்டல் சாம்பார் என்று வெளியிலிருந்து வருகிற உப்பையும் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கும் மேலே ஓடவேண்டும். ஒரே மாதத்தில் தீர்கிறதா, தலைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. யாரையும் குறை சொல்லாமல், சண்டை போடாமல் உண்மை தெரிகிற ஒரே இடம் அந்தப் பாக்கெட்.

ஒரேயடியாகப் பாதி குறைக்காதே. கால் பங்கு குறைத்து, இரண்டு மூன்று வாரம் அப்படியே விடு. நாக்கு பழகும், நிச்சயம் பழகும். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குறை. பந்தியில் உட்காரும்போது “இன்னைக்கு உப்பு கம்மி” என்று நீயே அறிவிக்காதே. சொல்லிவிட்டுப் பரிமாறினால் முதல் கவளத்திலேயே “சப்புனு இருக்கு” என்று பதில் வந்துவிடும்.

பொரியலுக்கு வேகும்போது உப்புப் போடாமல் இறக்குவதற்குச் சற்று முன்னால் தூவு. உப்பு காயின் மேலாக நிற்பதால் பாதி போட்டாலும் நாக்குக்குத் தெரியும். ஒரு வேளைச் சாப்பாட்டில் குழம்புக்கு மட்டும் சரியான உப்பு, கூட வருகிற கூட்டுக்கும் பொரியலுக்கும் பேருக்குத்தான் என்று வைத்தாலே கலந்து சாப்பிடும்போது குறை தெரியாது. புளிப்பும் வாசனையும் உப்பின் இடத்தைப் பெரிதும் நிரப்பும். இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை, சாம்பாரில் போட்ட மாங்காய்த் துண்டு, அன்றன்றைக்குத் தட்டிய மிளகு சீரகம் பூண்டு, கை நிறைய மல்லித்தழை. காரத்தைக் கண்டு பயப்படவேண்டாம். வயிறு ஒத்துக்கொண்டால் மிளகும் மிளகாயும் இதயத்துக்கு விரோதி இல்லை. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று பெரியவர்கள் சொல்வார்கள். உப்பே இல்லாமல் சமைக்கச் சொல்லவில்லை, மாவுக்கு ஒரு தடவை, சாம்பாருக்கு ஒரு தடவை, சட்னிக்கு ஒரு தடவை என்று ஒரே இட்லிக்கு மூன்று முறை போடுகிறோமே, அதில் ஒன்றைக் குறைக்கச் சொல்கிறேன். சோறு வடிக்கும்போது உலையில் உப்புப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்து. தயிர்சாதத்துக்கும் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்றால் அது இரட்டை உப்பு.

எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்ட அப்பளம்தானே என்று நிறையப் பேர் தைரியமாகச் சாப்பிடுகிறார்கள். எண்ணெய் போனது சரி. மாவில் பிசைந்த உப்பும் அப்பளக்காரமும் எங்கே போகும்? இரண்டுமே சோடியம்தான். மோர்மிளகாய், வத்தல், கருவாடு எல்லாம் இதே கணக்கு. கருவாட்டை ஊறவைத்து அலசினால் உப்பு குறையுமே தவிரப் போய்விடாது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஊறுகாய் ஜாடியையும் உப்புக் கிண்ணத்தையும் எடுத்து அலமாரிக்கு உள்ளே வை. எழுந்து போய் எடுக்கவேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

இந்துப்பு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. அயோடின் சேர்த்த சாதாரண உப்பையே அளவாகப் போடு. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிற சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் அதை வீட்டுக்குள் கொண்டு வராதே.

பாக்கெட் சாமான் வாங்கும்போது பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. இனிப்பு பிஸ்கட்டிலும் உப்பு இருப்பதை அப்போது பார்ப்பாய்.

எண்ணெய், தேங்காய்

தலைக்கு மாதம் அரை லிட்டர். நம் ஊர் இதய மருத்துவர்கள் பலரும் சொல்கிற கணக்கு இது, ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டிதான் வரும். நாலு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர். கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றினால் கை நிற்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி அடுப்புப் பக்கத்தில் வை, கேனைப் பரணில் ஏற்றிவிடு. அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தப் பாட்டில்தான். வெள்ளிக்கிழமையே காலியானால் அந்த வாரம் எங்கே போனது என்று உனக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் பொரித்ததில்தான் போயிருக்கும்.

தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தால் போதும், சுற்றி ஊற்றவேண்டாம். கொஞ்சம் சன்னத் தீயில் மூடி போட்டு வேகவிட்டால் மொறுமொறுப்பும் வரும். பொரியலுக்குத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டு. தாளிப்பை மட்டும் விட்டுவிடாதே. சாப்பாடு நம் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருப்பதே அந்த வாசனையில்தான்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலை விட்டுவிடு என்று சொல்வது எளிது. அதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, அதுதான் கெட்ட கொழுப்பை ஏற்றுவது. நாலு லிட்டர் செலவான வீட்டில் இரண்டு லிட்டர் போதுமென்று ஆனபிறகு கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விலை அவ்வளவு கனக்காது. முடியாத மாதம் பாமாயிலையே வாங்கு, அதில் எதையும் பொரிக்காமல் அளந்து தாளி. தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு பாமாயிலைவிடவும் கூடுதல் என்பதால் தினசரிச் சமையலுக்கு வேண்டாம். பொரித்த எண்ணெயை மறுநாளும் காய்ச்சாதே. டீக்கடைச் சட்டி எத்தனை முறை காய்ந்ததென்று நமக்குத் தெரியாது, அதனால்தான் அந்த வடை வேண்டாம் என்கிறேன்.

தேங்காய் அரைத்து விடாமல் குழம்பு கெட்டியாக வராது என்று நினைக்காதே. வதக்கிய சின்ன வெங்காயம், ஒரு கரண்டி பொட்டுக்கடலை, வேகவைத்த பாசிப்பருப்பு, இதில் எது அரைத்து விட்டாலும் திட்டமாக வரும். சட்னியை பீர்க்கங்காய்த் தோல் துவையல், தக்காளி, புதினா, கொள்ளுத் துவையல் என்று மாற்றி மாற்றி வை. தேங்காய்ச் சட்னி வாரத்தில் ஒரு நாள் வந்தால் யாருக்கும் குறையில்லை. பாலைக் காய்ச்சி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆடை கெட்டியாக மேலே நிற்கும், எடுத்துவிட்டு உறை ஊற்று.

தட்டில் சோறு எவ்வளவு

ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். நாலு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்கிறோம், அந்தக் கணக்குப்படி நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் வேண்டும். சோற்றைக் குறை என்று சொன்னால் கோபம் வரும். சொல்லாமல், முதலில் தட்டில் பாதி இடத்துக்குப் பொரியலும் கூட்டும் வைத்து, மீதி இடத்தில் சோறு வை. இரண்டாம் முறை சோறு கேட்டால் பருப்பும் காயும் சேர்த்தே போடு.

வரகு, சாமை, கேழ்வரகு எல்லாம் நல்லவைதான், அதற்காக மூன்று தட்டு சாப்பிட முடியாது. அவற்றிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு, அரிசிக்குப் பதிலாகத்தான் வரவேண்டும். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் குழையக் காய்ச்சிய கஞ்சி வேகமாகச் சர்க்கரையை ஏற்றும், உதிரியான சோறோ களியோ அளவாக மேல். பழத்தை ஜூஸ் போடாமல் கடித்துச் சாப்பிடச் சொல்.

மீன் சாப்பிடுகிற வீடு என்றால் உனக்குப் பாதி வேலை மிச்சம். மத்தியும் அயிலையும் விலை குறைந்த மீன்தான், இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் நிறைய. வாரம் இரண்டு முறை குழம்பில் போடு, வறுவல் வேண்டாம். சைவ வீட்டில் சுண்டல், பாசிப்பயறு, ஒரு கைப்பிடி உப்பில்லாத வேர்க்கடலை.

பார்க்க வருகிறவர்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், எந்த மருத்துவமனைத் தாளிலும் இது இருக்காது. “ஆளே பாதியா இளைச்சுட்டாரே” என்று பெரியம்மா ஆட்டுக்கால் சூப் தூக்கில் கொண்டு வருவார். சித்தப்பா மூளையும் ஈரலும் வாங்கி வந்து நிற்பார். அலுவலகத்து ஆட்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கிரீம் பிஸ்கட்டும் ஆப்பிளும். எல்லாம் அன்புதான், ஆனால் அந்த அன்பை அவர் சாப்பிட்டுக் காட்டித்தான் ஏற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், அங்கேதான் நீ குறுக்கே நிற்கவேண்டும். மருத்துவர் மேல் பழியைப் போடு. “டாக்டர் எழுதியே கொடுத்துட்டார் பெரியம்மா, மூணு மாசத்துக்குக் கொழுப்புக் கூடாதாம்.” சூப்பை வாங்கி வை, தட்டாதே, மாப்பிள்ளை முன்னால் மட்டும் திறக்காதே. வருவதற்கு முன்னால் போனில் “என்ன வாங்கிட்டு வரட்டும்?” என்று கேட்பவர்களிடம் கூச்சப்படாமல் சொல்: கொய்யா, சாத்துக்குடி, கீரைக்கட்டு, உப்பில்லாத வேர்க்கடலை. கேட்டவர்களுக்கும் என்ன வாங்குவது என்ற குழப்பம் தீரும்.

உடம்பு தேறப் புரதம் வேண்டும் என்பது உண்மை. அதைப் பருப்பிலும் முட்டை வெள்ளையிலும் மீனிலும் தோல் நீக்கிய கோழியிலும் கொடு. முழு முட்டை வாரத்துக்கு எத்தனை என்று உன் மருத்துவரிடமே கேள்.

மாத்திரையோடு ஒத்துப்போகவேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்க எல்லோருக்கும் ஒரே மாத்திரை தருவதில்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாகத் தருவது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் வகையும். கீரை சாப்பிடுவதற்கும் அவற்றுக்கும் தகராறு இல்லை. வால்வு மாற்றியவர்களுக்குத் தருகிற வார்ஃபரின், அசிட்ரோம் வகை வேறு. கீரையில் இருக்கிற வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை நிறுத்தவேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகத் தின்று அடுத்த வாரம் கண்ணிலேயே காட்டாமல் விடுவதுதான் தவறு. வாரத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை பார்த்து மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக் கொடுப்பார். எந்த மாத்திரை என்று தெரியாவிட்டால் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையிலேயே கேள்.

மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு மாத்திரை, யாரோ கொடுத்த சூரணம், எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதே. சமையலில் போடுகிற பூண்டு பிரச்சினை இல்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சஷ்டி விரதம், ரமலான் நோன்பு, உபவாச ஜெபம் எது இருக்க நினைத்தாலும் முன்னாலேயே கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளவேண்டும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும்.

நிறையத் தண்ணீர் குடி என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இதயத்தின் பம்ப் பலவீனமாகிவிட்டது என்று எக்கோவில் சொல்லியிருந்தால் தண்ணீருக்கும் அளவு உண்டு. மோர், ரசம், காபி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அப்படிப்பட்டவரைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அது சாப்பிட்டு வந்த சதை இல்லை, நீர் தங்குகிறது. அன்றைக்கே போன் செய்.

தட்டைத் தள்ளினால்

மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு வருவது மிகவும் சகஜம். எரிச்சலும் தூக்கமின்மையும் சாப்பாட்டு மேல்தான் வந்து விழும். எங்கள் வீட்டில் உன் அத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. அப்போது குழம்பைப் பற்றி வாதாடிப் பயனில்லை. வாரத்தில் ஒரு வேளை அவர் கேட்பதைச் செய்து கொடு. பூரி என்றால் பூரிதான், இரண்டு, நல்ல எண்ணெயில், எல்லோரும் சேர்ந்து. அந்த ஒரு வேளை வரும் என்று தெரிந்தால் மற்ற நாள் ஓடிவிடும். காய் வாங்க அவரையே அனுப்பு, நடையும் ஆகும், தான் வாங்கிய சுரைக்காயைக் குறை சொல்லவும் மனசு வராது. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

சிகரெட் பற்றி ஒரே வரி: அது ஒன்று தொடர்ந்தால் இத்தனை அடுப்படிப் பாடும் வீண்.

நோய் உனக்கே வந்திருந்தால்? இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் பெண்ணுக்கு மாரடைப்பு வந்தால் யாரும் தனிப் பாத்திரம்கூட வைப்பதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வந்தவள் அடுத்த வாரமே அடுப்பில் நிற்கிறாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறாள். வீணாகக்கூடாதே என்று நேற்றைய எண்ணெய்க் குழம்பு அவளுக்கே. வீட்டுச் சட்டியே மாறியிருந்தால் கடைசியில் சாப்பிட்டாலும் நல்லதைச் சாப்பிடுவாள். ஆனால் கடைசியில் சாப்பிடவே கூடாது, மாத்திரை நேரத்துக்குச் சாப்பிடு, மற்றவர்களோடு உட்கார். பைபாஸ் செய்தவர் நெஞ்செலும்பு கூடும் வரை, மருத்துவர் சொல்லுகிற வாரங்கள் முடியும் வரை, கனத்த குக்கரையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கக்கூடாது. ஒரு வேளைச் சமையலைக் கணவனும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளட்டும். இட்லி ஊற்றவும் ரசம் வைக்கவும் ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டுக்குப் போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இலையில் பொரியல், கூட்டு, பச்சடியை முதலில் சாப்பிடு. ஊறுகாய், அப்பளம், வடையைத் தொடாமல் விடு. பாயசம் ஒரு வாய். அன்று இரவு இட்லியோடு நிறுத்து.

கொழுப்புப் பரிசோதனையை, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலோடு நிற்காமல் கெட்ட கொழுப்பான எல்டிஎல் எவ்வளவு என்று கேள். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது 70-க்குக் கீழே வரவேண்டும் என்பார்கள், சிலர் 55-க்குக் கீழே கேட்பார்கள். சாப்பாட்டை மாற்றிவிட்டோம், இனி ஸ்டாட்டின் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடாதே, இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எண் இறங்கும். இறங்கவில்லை என்றால் வீட்டுக்கு வந்து சோற்றில் இன்னும் கைவைக்காதே. மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல், அளவை மாற்றுவது அவர் வேலை.